மாவுக்கட்டில் எழுதிய பட்டியல்

உலக வரலாற்றில் மக்களின் குறைகளைத் தீர்த்தவர்கள் பலர் இருக்கலாம். ஆனால் அந்தக் குறைகளுக்கு எண் கொடுத்து, நேரம் ஒதுக்கி, வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமாகத் திருப்பி நிற்கவைத்தவன் ஒருவன்தான். கட்சி அலுவலகத்தில் அவனைப் 'பட்டியல்' என்று கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. அதையும் அவனே எங்காவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

பட்டியலுக்கு வயது இருபத்தாறு. சட்டைப் பையில் நீளவாக்கில் ஒரு நோட்டு, இரண்டு பேனா. ஒன்று எழுதுவதற்கு, ஒன்று அடிப்பதற்கு. கட்சியில் சேர்ந்தபோது அவனுக்குத் தரப்பட்ட பொறுப்பு நாற்காலி. கூட்டத்துக்கு வந்த நாற்காலிகளில் எத்தனை உட்காரப்பட்டன, எத்தனை உட்காரப்படவில்லை என்று எண்ணி எழுதுவான். உட்காரப்படாதவற்றைப் புகைப்படக்காரர் கண்ணில் படாமல் அடுக்கி வைப்பதும் அவனே. இப்படி ஒரு வருடம் மக்களுக்குத் தொண்டு செய்த பிறகு, அவன் பார்வை மனுக்கள் பக்கம் திரும்பியது.

தலைவர் வாரம் ஒரு பகுதிக்குப் போய் மக்களிடம் நேரடியாக மனு வாங்குவார். அது பார்க்கவேண்டிய காட்சி. உறையை இரண்டு கைகளாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்து, கண்களை மூடுவார். நான்கு எண்ணும் நேரம். பிறகு அதை ஓர் இரும்புப் பெட்டியின் வாயில் போடுவார். பெட்டிக்கு 'இதயப் பெட்டி' என்று பெயர். பூட்டு உண்டு, சாவி கிடையாது. "ஒருத்தர் இதயத்தைத் திறந்து பார்க்கிறது நாகரிகமில்ல" என்று தலைவர் சொல்லியிருந்தார். அந்த நாகரிகம் பதினோரு வருடங்களாகக் காப்பாற்றப்பட்டு வந்தது.

இந்த உன்னத ஏற்பாட்டில் இருந்த ஒரே கோளாறு, மக்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். நீளமாகப் பேசுவார்கள். ஒரு முதியவர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு நிமிடம் விடவே இல்லை. பட்டியல் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தான். அன்று மாலையே தலைவரிடம் ஒரு திட்டத்தை நீட்டினான். தலைப்பு: 'முன்னேற்பாடு செய்யப்பட்ட பொதுமக்கள்.'

"அப்படின்னா?" என்றார் தலைவர்.

"பொதுமக்கள்தான் தலைவரே. ஆனா நமக்குத் தெரிஞ்ச பொதுமக்கள்."

தலைவர் கண்களை மூடினார். நான்கு எண்ணும் நேரம். "செய்" என்றார்.

இரகசியத்தைக் காப்பாற்றச் சொந்தக்காரர்தான் சரி என்று பட்டியல் முடிவு செய்தான். அவனுக்கு இருந்த ஒரே சொந்தம், அப்பாவின் தங்கை. சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து ஓய்வு பெற்ற அத்தை. தனியாக இருந்தார். அத்தை வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து, ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வாயைப் பிளந்து கிடந்தது. பட்டியல் எப்போது வந்தாலும் அதை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவான். என்ன தாண்டல் அது! இடது கால் தரையை விட்டு எழும்போதே வலது கால் படியில் இருக்கும். சட்டைப் பையிலிருக்கும் பேனா ஆடாது. நாட்டுக்கு இப்படிப்பட்ட இளைஞர்கள்தான் தேவை.

"வாடா. பார்த்து வா, குழி இருக்கு" என்றார் அத்தை.

"தெரியும் அத்தை. ஒரு முக்கியமான விஷயம். நீங்க தலைவர்கிட்ட ஒரு மனு கொடுக்கணும்."

அத்தையின் முகம் மலர்ந்தது. "அவ்வளவு பெரிய ஆளையே பார்க்கலாமா? அப்போ இந்த மூடியைப் பத்தி..."

"அதெல்லாம் சின்ன விஷயம், நான் சொல்லிக்கிறேன். நீங்க வேலை போன மில் தொழிலாளி. அழணும்."

"நான் எதுக்குடா அழணும்? எனக்குத்தான் காஜா எடுத்தே கண்ணு காஞ்சு போச்சே."

"நினைச்சா வரும். இந்தாங்க உறை, உள்ள வெள்ளைத்தாள்."

"என்ன எழுதணும்?"

"ஒண்ணும் வேணாம் அத்தை. யாரும் பிரிக்க மாட்டாங்க."

"யாரும் பிரிக்க மாட்டாங்கன்னா, என்ன எழுதினா என்ன?" என்றார் அத்தை. பட்டியல் அதைக் காதில் வாங்கவில்லை. நோட்டில் 'அத்தை: சம்மதம்' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

அத்தை அழுதார். அளவாக, வெளிச்சத்தின் பக்கம் திரும்பி. மறுநாள் கட்சிப் பத்திரிகையில் அரைப் பக்கப் படம். அடுத்த வாரம் அத்தை மீன்காரராக அழுதார், அதற்கடுத்த வாரம் மகனைத் தேடும் தாயாக. தலையில் முக்காடு, ஒரு வாரம் கண்ணாடி, ஒரு வாரம் கண்ணாடி இல்லை. எல்லாம் நோட்டில் இருந்தது. தலைவர் நெகிழ்ந்து போனார். "இந்த நாட்டுப் பெண்களுக்குத்தான் எவ்வளவு துயரம்! வாரம் தவறாம ஒருத்தர்!" என்று உதவியாளரிடம் சொன்னாராம்.

ஏழாவது மனுவோடு பட்டியலுக்குப் பதவி வந்தது. 'மக்கள் குறைதீர்ப்பு அணி, தலைமை ஒருங்கிணைப்பாளர்.' பதவியோடு ஒரு பெயர்ப்பலகையும் வந்தது. மூன்றடிக்கு மூன்றடி, கனமான இரும்புத் தகடு, நீலத்தில் வெள்ளை எழுத்து. நான்கு பேர் தூக்கி அவன் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். சுவரில் விரிசல் விழுந்தது. வரப்போகும் தேர்தலில் வார்டு வேட்பாளர் அவன்தான் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. அடுத்த மாத முடிவில் அறிவிப்பு. அதுவரை எல்லாம் சரியாக நடந்தால் போதும். பட்டியல் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'சரியாக நடக்கவேண்டியவை' என்று எழுதினான். முப்பத்திரண்டு இருந்தன.

பத்தாவது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அத்தையைப் பார்க்கப் போனான். வழக்கம்போலத் தாண்டி உள்ளே போனால், அத்தை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு.

பட்டியல் அதையே சற்று நேரம் பார்த்தான்.

"நல்ல வெள்ளையா இருக்கே அத்தை" என்றான். "போட்டோவில பளிச்சுனு எடுக்கும்."

எப்படி முறிந்தது என்று அவன் கேட்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்வி முப்பத்திரண்டில் இல்லை.

மாவுக்கட்டு பெரும் வெற்றி. ஆனால் வலி மாத்திரையால் அத்தைக்கு மறதி வந்துவிட்டது. துறைமுகப் பகுதியில் மீனவர் மனைவியாக நிற்கவேண்டியவர், "தறி ஓடல ஐயா" என்று தொடங்கினார். பட்டியல் பின்னாலிருந்து இருமி, படகு பக்கம் திருப்பிவிட்டான். அன்றே தீர்வும் கண்டுபிடித்தான். அத்தை குனிந்தால் கண்ணில் படும் இடம் எது? மாவுக்கட்டு. அதன் மேல்புறத்தில் தன் அழகான கையெழுத்தில் ஐந்து வரி எழுதினான். துறைமுகம், மீனவர் மனைவி, படகு. மில் வாசல், நெசவுத் தொழிலாளி, வேலை. ஆஸ்பத்திரி ரோடு, ஓய்வுபெற்ற நர்ஸ், பென்ஷன். பஸ் டெப்போ, கண்டக்டரின் தாய், இடமாற்றம். மார்க்கெட், காய்கறிக்காரர், கடை. முடிந்த துறைமுகத்தையும் சேர்த்தே எழுதினான். முதல் வரி இல்லாத பட்டியல் அவனுக்கு உறுத்தும். கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு குறிப்பு: 'கையைப் பிடித்ததும் அழவும். மெதுவாக.' ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அந்த வரியை இரண்டாவது பேனாவால் அடித்துவிடுவான். எதிரே நிற்பவர்களுக்கு நீட்டிய காலின் வெள்ளைப் பாதம்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தால்தான் எழுத்து தெரியும். மேலேயிருந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

பதினான்காவது கூட்டம், மார்க்கெட். கட்சியின் புகைப்படக்காரர் ஒரே கோணத்தில் எடுத்து எடுத்து அலுத்துப்போய், அன்று எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் ஏறினார். அத்தை காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தலைவர் குனிந்து மனுவை வாங்கும் அற்புதமான படம். கட்சிப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில், ஆறு பத்தி அகலத்தில் அச்சடித்தது. பத்திரிகைக்குப் புதிதாக வந்த அச்சு இயந்திரம் துல்லியத்துக்குப் பெயர் போனது.

காலை எட்டு மணிக்குள் எல்லோர் கைப்பேசியிலும் மாவுக்கட்டு இருந்தது. நான்கு வரி அடிக்கப்பட்டு, ஐந்தாவது வரி அடிக்கப்படாமல்.

ஒன்பது மணிக்குத் தலைவர் அழைத்தார். "டேய், நம்ம பத்திரிகையிலயே நம்மளப் போட்டுட்டீங்களேடா!"

"நாளைக்கு இதழ்ல திருத்தம் போடலாம் தலைவரே."

"என்னன்னு? காலைத் தப்பா அச்சடிச்சுட்டோம்னா?"

மாலையில் தலைவர் முன்னிலையில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கையில் பிரம்பு இல்லாததால் அளவுகோல் வைத்திருந்தார். அத்தையும் நாற்காலியோடு கொண்டுவரப்பட்டார். தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"இந்த அம்மா நடக்க முடியாதவங்களுக்காக அவங்க மனுவைச் சுமந்து வந்த சமூக சேவகி. அப்படி அறிக்கை விடுவோம். பெட்டியைத் திறந்து மனுக்களைப் பத்திரிகைக்காரங்ககிட்ட காட்டுவோம். படகு, வேலை, பென்ஷன் எல்லாம் உள்ள இருக்கும்ல?"

எல்லோரும் பட்டியலைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது பதினான்கு வெள்ளைத்தாள் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வேட்பாளர் அறிவிப்புக்கு இன்னும் மூன்று நாள்.

பூட்டுக்காரர் வந்து பூட்டை உடைத்தார். பதினோரு வருடத்து மூச்சு வெளியே வந்தது. அடியில் கிடந்த உறைகளில் பூச்சிகள் தங்கள் வேலையை முடித்திருந்தன. குறைகளின் மேல் யாராவது நடவடிக்கை எடுத்தார்கள் என்றால் அவைதான். மேலே இருந்த பதினான்கு உறைகளைத் தலைமையாசிரியர் வரிசையாக அடுக்கி, முதலாவதைப் பிரித்தார்.

வெள்ளைத்தாள் இல்லை. எழுதியிருந்தது.

"'ஐயா, என் வீட்டு வாசல்ல சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. மாத்திக் கொடுக்கணும்.' இது என்ன? மில் எங்கே?"

இரண்டாவது: 'ஐயா, போன வாரம் சொன்ன அதே மூடி.' ஐந்தாவது: 'ஐயா, மழை வரப்போகுது.' பத்தாவதை அவர் சற்று மெதுவாகப் படித்தார். 'ஐயா, இப்போ நானே விழுந்துட்டேன். மத்தவங்க விழறதுக்குள்ள பாருங்க.'

"அத்தை, நான்தான் எழுத வேணாம்னு சொன்னேனே!" என்றான் பட்டியல்.

"யாரும் பிரிக்க மாட்டாங்கன்னும் சொன்னியே" என்றார் அத்தை.

பதினான்காவது நீளமாக இருந்தது. 'ஐயா, என் அண்ணன் மகன் உங்க ஆபீஸ்லதான் இருக்கான். கெட்டிக்காரன். அவன்கிட்டயும் சொன்னேன். வேலை அதிகம் அவனுக்கு. வாராவாரம் அதைத் தாண்டித்தான் வர்றான். ரொம்ப நல்லாத் தாண்டுவான்.'

தலைவர் கண்களை மூடினார். இந்த முறை யாரும் எண்ணவில்லை.

தீர்ப்பு அரை மணியில் வந்தது. ஒரே பெண்மணியைப் பதினான்கு பேராக நிறுத்தியது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது 'அமைப்புத் திறன்' சம்பந்தப்பட்டது. அவன்மீது நிரூபிக்கப்பட்ட குற்றம் இது: 'தலைவரின் இதயப் பெட்டிக்குள் உண்மையான மனுவை நுழையவிட்டது.' எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம். வார்டு வேட்பாளராகப் பூட்டுக்காரர் அறிவிக்கப்பட்டார். அவர் ஒருவர்தான் கட்சிக்காக எதையாவது திறந்தவர்.

மூன்றாம் நாள் தலைவரே அத்தை தெருவுக்கு வந்தார். வேனிலிருந்து புத்தம்புது சாக்கடை மூடி இறங்கியது. தலைவர் அதைத் தன் கையால் குழிமேல் வைத்தார். அத்தையின் கையைப் பிடித்தார். அத்தை பழக்கத்தில் அழுதுவிட்டார். புகைப்படக்காரர் இந்த முறை தரையில் நின்றார்.

படம் எடுத்து முடிந்ததும் இரண்டு பேர் மூடியைத் தூக்கி மறுபடி வேனில் ஏற்றினார்கள்.

"அய்யய்யோ, அதை எங்கப்பா எடுத்துட்டுப் போறீங்க?" என்றார் அத்தை.

"இன்னைக்கு இன்னும் ஆறு தெரு இருக்கும்மா" என்றார் உதவியாளர்.

வேன் போனபின் தெருமுனையில் தடதடவென்று ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பட்டியல் தன் பெயர்ப்பலகையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். சட்டைப் பையில் நோட்டு இல்லை. குழியின் விளிம்பில் நின்று, தாண்டாமல், பலகையைத் தள்ளினான். மூன்றடிக்கு மூன்றடி. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

"எழுத்து மேல இருக்கே" என்றார் அத்தை. "திருப்பிப் போட்டுடலாமா?"

"இருக்கட்டும் அத்தை."

அத்தை கட்டுப்போட்ட காலை மெதுவாக அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. 'மக்கள் குறைதீர்ப்பு அணி' என்ற எழுத்துகளின் மேல் நின்றபடி, "வாடா, இப்போ நடந்தே வரலாம்" என்றார்.

அந்த அணி தொடங்கிய நாளிலிருந்து தீர்த்துவைத்த குறைகளின் முழுப் பட்டியல் இதுதான்.