பீச்சாங்கை தீபாராதனை

பெண் வீட்டார் போட்டோ கேட்டால் ஸ்டுடியோவுக்குப் போய், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு ஒன்று எடுத்து அனுப்புவதுதான் அறிவு. அது எனக்கு அப்போது கம்மி. ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன்; ஆனால் பெரிய கலைஞன் என்கிற நினைப்பு ஜாஸ்தி.

அறிவியலும் ஆன்மிகமும் ஒரே உடம்பில் குடியிருக்கலாம் என்று என்னையே படமெடுத்துக் காட்ட முடிவு செய்தேன். வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடி, பின்னால் அண்ணாமலையார் மலை. நெற்றியில் பட்டை, வலக்கையில் கற்பூரத் தட்டு, இடக்கையில் மயில்துத்தம் கரைத்த சோதனைக் குழாய். செல்போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து, முன்பக்கக் கேமராவில் டைமர் வைத்தேன். (ஓடிவந்து நின்றதில் பாதி மயில்துத்தம் வேட்டியில்.) அந்தப் படத்தைத்தான் கீழ்பென்னாத்தூர் பெண் வீட்டுக்கு அனுப்பினேன்.

பெண் பார்க்கப் போன அன்று ரேவதியின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. சாமிக்குப் பீச்சாங்கையாலயா கற்பூரம் காட்டுவீங்க?"

ரேவதியின் அப்பா தன் செல்போனை என்னிடம் நீட்டினார். கேமரா என்னைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே சேமித்திருந்தது. தட்டு இடக்கையில் இருந்தது!

"அது... இடவல மாற்றம்ங்க. நானே பாடம் நடத்துறேன்..."

"அதான் மலையும் மாறிப்போச்சா?" என்றார் அவள் அப்பா. "பொறந்ததுல இருந்து பாக்குறேன், இது நம்ம மலையே இல்லையே. எந்த ஊர்ல எடுத்தீங்க?"

ஆக, சாமியை அவமதித்தவன் மட்டுமல்ல, ஊரையும் மாற்றிச் சொன்னவன் ஆகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ரேவதி காபி நீட்டினாள். என் வலக்கையில் அவள் அப்பாவின் செல்போன். பதற்றத்தில் டம்ளரை இடக்கையால் வாங்கிவிட்டேன்.

கூட வந்திருந்த என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ரேவதியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கைக்கு எட்டியது போய்விடுமோ என்று தவித்தேன்.

அவள்தான் உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து செல்போனுக்கு எதிரே பிடித்தாள். "இப்பப் பாருங்கப்பா."

கண்ணாடிக்குள் மலை சரியாகத் திரும்பி நின்றது. அவள் அப்பா சட்டென்று எழுந்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கும்பிட்டார். அவள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பாடத்துக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் மாமனாரின் வண்டியில் உட்கார்ந்து "ரைட்ல திரும்புங்க" என்றால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் திரும்பிக் கேட்பார்:

"உங்க ரைட்டா மாப்ள, செல்போன் ரைட்டா?"