ஜூன் ஒன்றாம் தேதி நான் வரவழைத்த புயல்

ஒரு தாய் எவ்வளவு பயந்தால் போதும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. குறைவாகப் பயந்தால் பொறுப்பில்லாதவள் என்பார்கள். கூடுதலாகப் பயந்தால் என்ன சொல்வார்கள் என்பதை ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1996. நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அபார்ட்மென்டின் மாடியில் குடியிருந்தோம். பனிக்காலத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அதுதான் முதல் கோடை. மகள் நித்யாவுக்கு ஜூன் ஒன்றாம் தேதி முதல் பிறந்தநாள். சென்னையிலிருந்து வர முடியாத மாமியார் வீடியோ கேசட் அனுப்பச் சொல்லியிருந்தார். "நாலு பேர் வந்து குழந்தைய வாழ்த்துறது தெரியணும்மா. நீங்க அங்க தனியா இல்லைன்னு நான் பாக்கணும்" என்று போனில் சொன்னார். அதனால் ஊரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லோரையும் அழைத்திருந்தேன்.

அன்று காலை என் கணவர் கேக், பலூன், இரவல் வீடியோ கேமரா எல்லாம் வாங்கிவரக் கிளம்பிப்போனார். நான் வெஜிடபிள் பிரியாணிக்குக் காய் நறுக்கியபடி டிவியைப் போட்டேன். அறிவிப்பாளர் சிரித்த முகத்தோடு சொன்னார்: அட்லாண்டிக் புயல் பருவம் இன்று தொடங்குகிறது.

நான் நாகர்கோவில்காரி, எம்எஸ்சி படித்தவள். எங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறக்கும். கூடவே வானமும் திறக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியது என்று வானொலியில் செய்தி வாசித்து முடிப்பதற்குள் கொடியில் காயும் துணி நனைந்திருக்கும். பருவம் தொடங்குகிறது என்றால் தொடங்குகிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர் மழைக்கே இவ்வளவு ஒழுங்கு இருந்தால், எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்கிற அமெரிக்காவில் புயல் எவ்வளவு ஒழுங்காக வரும்!

டிவியில் பனைமரங்கள் தலைவிரித்து ஆடின. யாரோ ஜன்னலில் பலகை அடித்துக்கொண்டிருந்தார். (அது போன வருடப் படம் என்று திரையின் ஓரத்தில் எழுதியிருந்ததாம். பதறுகிறவள் ஓரத்தையெல்லாமா பார்ப்பாள்?) குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வையுங்கள், முக்கியமான காகிதங்களை ஒரே பையில் போடுங்கள், கெடாத உணவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கெடாத உணவு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பிரியாணிக்கு ஊறவைத்த அரிசி முழுவதும் புளிசாதம் ஆயிற்று. தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தேன். பரிசு கட்டும் வண்ண டேப்பை ஜன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறியாக ஒட்டினேன். பட்டுப்பாவாடை கட்டிய நித்யாவைத் துணிக்கூடைக்குள் நான்கு தலையணை சுற்றி உட்காரவைத்து, கூடையைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தள்ளினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். கை தட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை எடுத்தேன். சனிக்கிழமை காலை, பெரும்பாலும் ஆன்சரிங் மெஷின்தான் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே செய்தியைச் சொல்லிவைத்தேன்: "இன்னைக்குப் புயல் ஆரம்பிக்குது. பர்த்டே இல்லை. யாரும் வெளியே வராதீங்க. அவர் கேக் வாங்கப் போயிருக்கார். நானும் குழந்தையும் மட்டும்தான் இருக்கோம். எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க." கடைசி வரியைச் சொல்லும்போது கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

அவர் திரும்பி வந்தபோது வெளியே வெயில் கொளுத்தியது. ஒரு கையில் கேக், மறு கையில் பலூன் கொத்து. ஜன்னலைப் பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"புயல்."

"எங்க?"

"இன்னைக்கு ஆரம்பிக்குதாம். டிவியில சொன்னாங்க."

அவர் பலூனை மெதுவாகக் கதவுப் பிடியில் கட்டினார். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடிப்பது தாடையில் தெரிந்தது. இந்தப் பருவம் நவம்பர் வரை நீளும் என்றும், அதற்குள் எங்கேயாவது என்றைக்காவது புயல் வந்தால் வரும், வராமலும் போகும் என்றும் விளக்கினார்.

"அப்ப தேதி எதுக்குங்க சொல்றாங்க?" என்று கேட்டேன். மெட்ராஸ்காரர் பேச்சை மாற்றினார்.

"சரி விடு. யாருக்கெல்லாம் சொன்ன?"

"எல்லாருக்கும்."

அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். எல்லா இடத்திலும் ஆன்சரிங் மெஷின்தான், ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் வேறெங்கோ கிளம்பிவிட்டார்கள் என்று புரிந்தது. மாமியாருக்கு நான் என்ன கேசட் அனுப்புவேன்? அப்பா, அம்மா, கூடைக்குள் ஒரு குழந்தை, ஒரு படை சாப்பிடும் அளவு புளிசாதம். கேக்கின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். துணைக்கு நித்யாவும் அழுதாள்.

கதவு தட்டப்பட்டது.

சரோஜா ஆன்ட்டி. இருபது வருடமாக அந்த ஊரில் இருப்பவர். எங்கள் எல்லோருக்கும் அங்கே அவர்தான் தாய்வீடு. ஒரு கையில் பெரிய டார்ச், இன்னொரு கையில் பாயசத் தூக்கு.

"புயல்ல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட தனியா இருக்கான்னா விட்டுட முடியுமா?" என்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை. ஆனால் அவர் பின்னால், மாடிப்படி நெடுக எங்கள் விருந்தாளிகள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் ஆன்ட்டிதான் எல்லோரையும் திரட்டியிருக்கிறார், ஆளுக்கொரு டார்ச்சோடு வரவேண்டும் என்ற உத்தரவுடன். முதலில் வர முடியாது என்று சொன்னவர்கள்கூட, வேடிக்கையை விட மனமில்லாமல் வந்திருந்தார்கள்.

சிரிக்காமல் நின்றவர்கள் குமாரும் அவர் மனைவியும் மட்டும். இந்தியாவிலிருந்து அந்த மாதம்தான் வந்தவர்கள். தரைத்தள வீடு என்பதால் வெள்ளத்துக்குப் பயந்து, பாஸ்போர்ட், விசா காகிதங்கள், பிரஷர் குக்கர் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். "எம்எஸ்சி படிச்சவங்க சொல்றாங்களேன்னு வந்துட்டோம்" என்றார் குமார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றும் என் உடன்பிறப்பாக நினைக்கிறேன்.

பிறகு நடந்தது பிறந்தநாள் இல்லை, திருவிழா. திரைச்சீலையை இழுத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் கேக் வெட்டினோம். புளிசாதம் அண்டா வழித்துத் தீர்ந்தது. குழந்தைகள் நிரம்பிய குளியல் தொட்டியைக் கண்டுபிடித்து மொத்தமாக அதற்குள் இறங்கினார்கள்.

மறுபடி கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அமெரிக்கப் பெண்மணி, தலையில் துண்டோடு நின்றார். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மேலே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"புயல்" என்று ஒரே குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்கள் என் விருந்தினர்கள்.

ஆண்கள் துடைப்பமும் வாளியுமாகக் கீழே ஓடித் துடைத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் பாயசம் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினார். அந்த வருடத்துப் புயல் பருவத்தில் எனக்குத் தெரிந்து முதல் சேதம் அவர் வீட்டுக் கூரைதான்.

கேசட்டைப் பார்த்த மாமியார் போன் செய்தார். இருட்டில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லையாம். ஆனாலும் சத்தத்தைக் கேட்டே மனசு நிறைந்துவிட்டதாம்.

அன்று முதல் ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும் விடிந்ததும் போன் அடிக்கும். "புயல் வந்தாச்சா?" என்பார் சரோஜா ஆன்ட்டி. மாலையில் எல்லோரும் டார்ச்சோடு வந்துவிடுவார்கள், குழந்தைகள் நேரே குளியல் தொட்டிக்குள் இறங்கிவிடுவார்கள். நித்யாவுக்குப் பிறந்தநாள் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது. வேறு குழந்தைகளின் பிறந்தநாளுக்குக் கூட்டிப்போனால், கேக் வெட்டும் நேரத்தில் "வென் இஸ் த ஸ்டார்ம், அம்மா?" என்று சத்தமாகக் கேட்கிறாள்.

இந்த ஜூனில் அவளுக்கு ஆறு வயது. முதல் முறையாகப் பள்ளித் தோழிகளையும் கூப்பிட்டிருக்கிறாள். அழைப்பிதழ்களில் நான் எழுதியதற்குக் கீழே, டார்ச்சும் மாற்றுத் துணியும் கொண்டுவரவும் என்று அவளே கிரேயானில் எழுதி, எனக்குத் தெரியாமல் கொடுத்தும் விட்டாள். நேற்றிலிருந்து அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராகப் போன் செய்கிறார்கள். பதறிய குரலில், பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்கிறார்கள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். ஒன்றுமில்லை என்று சொன்னால் மகள் முகம் வாடும். விவரம் தெரிந்த வாசகர்களே, அவர்களிடம் நான் என்ன சொல்லட்டும்? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். இதோ, மறுபடியும் போன் அடிக்கிறது.