அரைநூல் அண்ணாச்சியின் வேப்பம்பெட்டி

கடவுள் உலகத்தைப் படைத்த அன்று அரைநூல் அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தால், அந்த வேலை இன்றுவரை முடிந்திருக்காது. “இமயமலை எடது பக்கம் அரை நூல் தூக்கலா இருக்கு. கழட்டி மாட்டும்வே” என்றிருப்பார். கடவுளும் பயந்துபோய்க் கழற்றியிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில், ஒரே கிணற்றைச் சுற்றி ஆறு வீடுகள் உள்ள வளவு ஒன்றில் குடியிருந்தோம். அண்ணாச்சி பஞ்சாலையில் ஃபிட்டர். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம்மைப் போன்றவர்கள் கண்ணுக்கு அதுவே தட்டுப்படாது. அவருக்குச் சண்டை பிடிக்க அதில் பாதி போதும். அவர் மனைவியை வளவு முழுக்க மதினி என்றுதான் கூப்பிடுவோம். மதினி தோசை வார்த்துப் போட்டால், “நடுவுல அரை நூல் தடிப்பு” என்பார்.

“அப்ப இழைப்புளியை எடுத்துச் சீவித் தின்னுங்க” என்பார் மதினி.

ஆனால் இழைப்புளி வீட்டில் இருக்காது. அவருடைய சாமான் எதுவுமே வீட்டில் இருக்காது. சுத்தியல் கோடி வீட்டில் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருக்கும். பெரிய திருப்புளி சுண்ணாம்பு கலக்கும். உளி எங்கள் வீட்டு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கும். புத்தகம் படிக்கிறவன் வீட்டில் உளிக்கு வேறென்ன உத்தியோகம் கொடுக்க முடியும்?

ஒரு பங்குனி மாதம், தன் ஸ்டீல் ஸ்கேல் எதிர்வீட்டு எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் புரட்டுவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

“இனிமே என் சாமான் ஒண்ணு வெளிய போவாது. பொட்டி செய்யுதேன்” என்று கிணற்றடியில் நின்று சபதம் போட்டார்.

வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் வசூல் செய்தார். கோடி வீட்டுக்காரர் சுத்தியலையும் நாங்கள் உளியையும் மட்டும், “அன்னைக்கே குடுத்தாச்சே அண்ணாச்சி” என்று சாதித்துவிட்டோம். ஜன்னல் பிறகு எப்படி நிற்கும்?

சித்திரை முழுக்க வேப்பம்பலகைகள் கிணற்றடி வெயிலில் காய்ந்தன. மில்லிலிருந்து வந்ததும் அறுப்பதும் இழைப்பதும்தான் வேலை. தெருவோடு போன தச்சாசாரி ஒருநாள் நின்று பார்த்தார்.

“அண்ணாச்சி, மூடிக்குக் கொஞ்சம் எடம் விடுங்க. மழைக்கு மரம் ஊதும்.”

“ஊதுறதுக்கு அது என்ன நாயனமா? இரும்புலயே எடம் விடாதவன் நான். மரத்துல விடுவனா?”

காலடி மண்ணே கோடையில் ஆட்டுக்கால் சிக்குகிற அளவுக்கு வெடித்து, மழை பெய்தால் ஊதி மூடிக்கொள்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் இப்படிப் பேசினார்.

ஆனால் பெட்டி பெட்டிதான். உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்திலேயே குழி. துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயில் நனைத்த கழிவுப்பஞ்சு. மூடி பெட்டியின் வாய்க்குள் இறங்கி உட்காரும். மேலே வைத்துக் கையை எடுத்தால், உள்ளே இருக்கும் காற்று ‘புஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட, தானாகவே மெல்ல மெல்ல இறங்கும். தூக்குவதற்கு நடுவில் ஓர் இரும்பு வளையம். சாயங்காலமானால் நாங்கள் தேர் பார்ப்பதுபோலச் சுற்றி நின்று பார்த்தோம்.

“மூடி எங்க முடியுது, பொட்டி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லும்வே பார்ப்போம்” என்பார் என்னிடம். எனக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த ஐப்பசியில் அவருக்கும் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் வீட்டு எஸ்தர் அக்காவுக்குத் தீபாவளி கிடையாது. ஆனால் புதியம்புத்தூரிலிருந்து வெட்டுத்துணி மூட்டை வரும். ஊர்ப் பிள்ளைகளின் தீபாவளிக் கவுன்கள் அவள் மெஷினில்தான் உருவாகும். பம்பாய்க்குப் போன புருஷன் போனவன்தான். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு அந்த மெஷின்தான். அன்று மத்தியானம் அது நின்றுவிட்டது.

“நாளைக்குக் காலையில ஆள் வந்திருவாவ அண்ணாச்சி. உருப்படியைக் குடுக்கலைன்னா கிறிஸ்துமஸுக்குத் துணி தரமாட்டாவ. பிள்ளையள வச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்?”

“இது ஒரு வேலையா தாயி? கால் மணி நேரம்” என்றார் அண்ணாச்சி.

அது பழைய சீமை மெஷின். அதன் அடிவயிற்றைக் கழற்ற, இரும்புக் கம்பியை அரத்தால் ராவி அவரே செய்த கொக்கிச் சாவி ஒன்று உண்டு. கடையில் கிடைக்காது. பெட்டிக்குள் இருந்தது. அண்ணாச்சி வளையத்தைப் பிடித்து இழுத்தார். மூடி அசையவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். பெட்டியே எழுந்து வந்தது, மூடி வரவில்லை. மறுபடி இழுத்ததில் வளையம் மட்டும் எங்கள் கையோடு வந்துவிட்டது.

இடுக்கில் சோப்புத் தேய்த்தோம். மதினி கரியடுப்பைப் பக்கத்தில் வைத்து, பிள்ளை பெற்றவளுக்குப் போல அனல் காட்டினார். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் மூடியைத் தட்டிப் பார்த்தார். பழையதைச் சொல்லிக் காட்டாத நல்ல மனுஷன்.

“தை பொறந்தாத் தானாத் தெறந்துரும் அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார்.

எஸ்தர் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உடைக்கத்தான் வேண்டும். ஆனால் உடைக்கிற சாமானெல்லாம் உள்ளே இருந்தது. நான் வீட்டுக்குப் போய் ஜன்னலிலிருந்து உளியை உருவிக்கொண்டு வந்தேன். கோடி வீட்டுக்காரர் கருப்பட்டிப் பிசுக்கோடு சுத்தியலை நீட்டினார். அண்ணாச்சி உளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்ட நேரமில்லை.

“மூணு மாசம் என்கூடப் பேசினதைவிட இந்தப் பொட்டிகூடத்தான அதிகம் பேசினிய?” என்றார் மதினி, குரல் இறங்கி.

“வேண்டாம் அண்ணாச்சி. நான் வேற எங்கனயாச்சும் பார்த்துக்கிடுதேன்” என்றாள் அக்கா.

“மழையில வேற எங்கன போவ? சும்மா இரு.”

எதையும் அளக்காமல் தொடாத மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் அடி அடித்தார். மூடி இரண்டாகி, நான்காகி, சில்லுச் சில்லாகத் தெறித்தது. வீடெங்கும் வேம்பின் கசப்பு வாசனை. கொக்கிச் சாவியை எடுத்து எங்கள் எல்லோர் மூக்குக்கு நேராகவும் காட்டினார்.

“பார்த்தியளா? ஒரு பொட்டுத் துரு உண்டா?”

அந்த நேரத்திலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

சொன்னபடி கால் மணி நேரம்தான். மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. மற்றவர்கள் கலைந்த பிறகும் அண்ணாச்சி வீட்டுக்கு வரவில்லை. எஸ்தர் அக்காவின் வாசலிலேயே ஈரத்தில் நின்றபடி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே அண்ணாச்சி வீட்டு ஓடு ஒழுகியது. வாய் பிளந்து கிடந்த பெட்டிக்குள், அந்த அழகான குழிகளில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மதினி சாக்குத் தேடிப் போயிருந்தார். நான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே குடையை எடுத்து வந்து, பெட்டிக்கு மேலே விரித்து வைத்தேன்.

அந்த மழை விடும்வரை நனைந்துகொண்டேதான் ஆபீசுக்குப் போனேன். குடையைத் திருப்பிக் கேட்க மனசு வரவில்லை.