ஒன்பதாம் எண் புகார்

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரியும் மகள் ஜட்ஜம்மாவும் ஆண்டவருடைய தயவால் நலம். அத்தானுடைய சர்க்கரையும் உன் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். உன் முழங்காலைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த முழங்காலைப் போட்டு ஜெபித்து ஜெபித்து இந்தச் சபையில் நீ சம்பாதித்த நல்ல பெயர்தான் இன்றைக்கு என் தலையில் விடிந்திருக்கிறது.

வீடு மாற்றிப் போகிறவர்கள் பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் சொல்லிக்கொண்டு போவார்கள். நீ என்னடா என்றால் போதகரிடம் போய், "என் தம்பியும் நல்லா ஜெபிப்பான், ஏதாவது பொறுப்பு குடுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாய். வாலிபர் வகுப்பு டீச்சருக்கு மாற்றல் வந்ததும் போதகர் நேராக என்னிடம் வந்துவிட்டார். "பிள்ளைங்களுக்கு ஆவிக்குரிய போராட்டம் நிறைய இருக்கு. அந்த நேரத்துல எப்படி ஜெபிக்கறதுன்னு நீங்க சொல்லிக் குடுக்கணும்" என்றார். எனக்கு லிஃப்டுக்குக் கிரீஸ் பூசத்தான் தெரியும் என்றேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு இன்னும் சந்தோஷப்பட்டார். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. போதகருக்கு ஒரு வரி எழுதி, என் தம்பிக்கு உடம்பு முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல். அவராக விரட்டுவதற்குள் நானாக விலகினதாக இருக்கட்டும். ஏன் விரட்டப்போகிறார் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

நான் அந்த வகுப்புக்கு ஒத்துக்கொண்டதே ஜட்ஜம்மாவுக்காகத்தான். மூன்று வயதில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாரையும் கைதியைப் பார்ப்பது போலப் பார்த்ததால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தது யார் என்று உனக்குத் தெரியும். இப்போது பதினைந்து வயதாகிறது, பார்வை மட்டும் மாறவில்லை. மூன்று மாதமாக வீட்டு ஜெபத்தில் அவள் ஆமென் சொல்வதில்லை, அக்கா. நான் ஜெபித்து முடித்ததும் அவள் அம்மா ஆமென் என்பாள். இவள் வாயைத் திறக்காமல் எழுந்து பாயைச் சுருட்டுவாள். கேட்டால், "தொண்டை சரியில்லப்பா" என்கிறாள். ஒரே தொண்டை மூன்று மாதமாகவா சரியில்லாமல் இருக்கும்? போனில் தோழியிடம் ஒன்றரை மணி நேரம் பேசுகிற தொண்டைதானே அது? பிள்ளை விசுவாசத்தை விட்டே போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் அழுத்திக் கேட்டால் சண்டை வரும். வகுப்பில் ஒன்பது பேருக்குச் சொல்கிற சாக்கில் இவளுக்குச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வகுப்பு நடப்பது சபைக்குப் பின்னாலுள்ள அறையில். பாதி அறையை ஒலிபெருக்கிப் பெட்டிகளும் கால் உடைந்த நாற்காலிகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் வாரம், தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குவோம் என்று, "ஜெபம்கிறது லிஃப்ட் பட்டன் மாதிரி. நம்பிக்கையோட அழுத்தினா கண்டிப்பா வரும்" என்றேன். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்று பெயர் வாங்கிய பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அங்கிள், எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட் மூணு வாரமா வரல. ஆறு மாடி ஏறிட்டிருக்கோம். அதுக்கு நீங்கதானே மெக்கானிக்?" என்றான். உதிரிபாகம் வர வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் பிள்ளைகள் உதிரிபாகம் உதிரிபாகம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வாரம், பேச்சே வேண்டாம், எல்லாரும் முழங்கால் போட்டு இருபது நிமிடம் மௌனமாக ஜெபிப்போம் என்றேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை விம்முகிற மாதிரிச் சத்தம் கேட்டது. சரி, உள்ளம் உடைகிறது என்று நானும் உருகிப்போனேன். கொஞ்ச நேரத்தில் அது சீராக வர ஆரம்பித்த பிறகுதான் குறட்டை என்று தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்க ஒரு கண்ணைத் திறந்தேன். எதிரே ஜட்ஜம்மா இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, "நீங்க உண்மையிலேயே ஜெபிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். போக்குவரத்துச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி நடந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம்தான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் ஆபீஸில் பச்சை அட்டை போட்ட புகார்ப் புத்தகம் ஒன்று உண்டு. எண், தேதி, புகார், எடுத்த நடவடிக்கை, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். அதில் புதிதாக ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எங்களுக்கு எப்படி எழுதுவாங்க? மகா மேன்மை பொருந்திய லிஃப்ட் கம்பெனியாருக்குன்னா எழுதுவாங்க? கதவு திறக்கல, மாட்டிக்கிட்டேன், இருட்டா இருக்கு, அவ்வளவுதான். நீங்களும் உங்க கஷ்டத்தை ஆண்டவருக்கு அப்படியே எழுதுங்க. பேர் போட வேண்டாம். நான் சத்தியமா படிக்க மாட்டேன்" என்றேன். பேசாமடந்தைகள்கூடக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கே பெருமை தாங்கவில்லை. கடைசியாக ஜட்ஜம்மா வாங்கினாள். நெடுநேரம் எழுதினாள். மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன்.

அந்தச் சத்தியம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிவரைக்கும்தான் தாங்கியது. வாராவாரம் செய்கிற பழக்கத்தில் பைக்குள் கையை விட்டுப் பச்சைப் புத்தகத்தை எடுத்து மேற்பார்வையாளர் மேஜையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் ஒரு கட்டிடத்தில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, கதவு ரிப்பேருக்கு ஸ்பேனர் எடுக்கப் பையைத் திறந்தால் உள்ளே இருப்பது லிஃப்ட் புகார்ப் புத்தகம். அப்படியானால் மேஜைமேல் இருப்பது எது? ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். எங்கள் மேற்பார்வையாளருக்குச் சட்டம் என்று பட்டப்பெயர். எந்தக் கோயிலுக்கும் போகாத மனிதர். ஆனால் ஒரு புகாரும் பதிலில்லாமல் சாயங்காலம் வரைக்கும் கிடக்கக்கூடாது என்பதை மட்டும் வேதம் போலப் பிடித்துக்கொண்டிருப்பவர். நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது புகாருக்கும் நடவடிக்கை எழுதி, சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டு, மை காய ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், இது நம்ம புத்தகம் இல்ல" என்றேன்.

"தெரியுது. ஆனா புத்தகம் நம்மளுது, அட்டை நம்மளுது. புகார்னு எழுதிட்டா பதில் சொல்லணும்ல" என்றார்.

மிச்சமிருந்த சத்தியமும் அங்கேயே உடைந்தது. படித்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. "பகலில் முயலவும்" என்று பதில். கணக்குப் பரீட்சைக்காக ஜெபித்தும் தோல்வி என்பதற்கு, "பாடப்புத்தகம் திறக்கப்பட்டதா? புகார்தாரர் தெளிவுபடுத்தவும்." ஒருவனை மன்னித்துவிட்டேன் என்று வாய் சொல்கிறது, அவனைப் பார்த்தால் கை ஓங்குகிறது என்று இன்னொன்று. அதற்கு, "கையைப் பாக்கெட்டில் வைக்கவும். மற்றது மெதுவாக வரும். எனக்குப் பதினோரு வருடம் ஆனது" என்று எழுதியிருந்தார். ஜெபிக்கும்போது யாருமே கேட்காத மாதிரி இருக்கிறது என்று எழுதியது கேள்விக்குறியாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதில்: "நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆள் கிளம்பிவிட்டது அவருக்குத் தெரியாது. பெல்லை விடாமல் அடிக்கவும்." இருபத்தாறு வருடமாக அந்த மனிதரோடு வேலை பார்க்கிறேன். அவருக்குள் இவ்வளவு இருப்பது எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் எண் நம் பிள்ளையுடைய கையெழுத்து. அதை அப்படியே உனக்கு எடுத்து எழுதுகிறேன். "சித்தப்பாவுக்காக நாற்பது நாள் ஜெபம் பண்ணினோம். அவர் செத்துப்போனார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு வருஷம் ஆன அன்றைக்குக்கூட எங்கள் அப்பா எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம் என்றுதான் ஜெபித்தார். சித்தப்பா பெயரைச் சொல்லவில்லை. பொய்யான ஜெபத்துக்கு நான் எப்படி ஆமென் சொல்வது? சித்தப்பா இருந்திருந்தால் நடுவிலேயே ஆமென் போட்டு அப்பாவை நிறுத்தியிருப்பார்."

எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் சட்டம் எழுதியிருந்தது இதுதான்: "என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. சம்பந்தப்பட்ட மெக்கானிக்குக்கு அனுப்பப்படுகிறது."

புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு, "இன்னைக்கு அரை நாள் லீவு எழுதிக்கிறேன், போங்க" என்றார். நான் எங்கேயும் போகவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் இவளைத்தான் வழி தவறிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. அவன் போனதிலிருந்து ஒரு நாள்கூட நான் ஜெபித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் ஒப்பித்தேன். அதை இந்த உலகத்தில் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மூவரும் பாயில் உட்கார்ந்தோம். இந்த நாளுக்காக ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் நாக்கு புரளவில்லை. என் மனைவி மாரடைப்போ என்று பயந்து என் தோளைத் தொட்டாள். அப்புறம் எப்படியோ வந்தது. "ஆண்டவரே, என் தம்பியை ஏன் எடுத்தீங்க? நாற்பது நாள் கேட்டோமே. அவனுக்கு முப்பத்தாறு வயசுதானே. எனக்கு உங்க மேல கோபம். கோபமா இருக்கிறவன் உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாமதான் இவ்வளவு நாள் வேற என்னென்னமோ பேசிட்டிருந்தேன். இப்பவும் எனக்கு..."

"ஆமென்" என்றாள் ஜட்ஜம்மா.

நான் இன்னும் முடிக்கவே இல்லை. நடுவில் போட்டாள். நம் அப்பா ஜெபத்தை இழுத்துக்கொண்டே போகும்போது பசி தாங்காமல் அவன் போடுவானே, அதே மாதிரி, அதே அவசரத்தில். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். "முதல்ல யாராவது சாப்பாடு போடுங்க" என்றாள். அதுவும் அவன் சொல்வதுதான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். சத்தியத்தை மீறினதை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒப்புக்கொண்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், ஆளுக்கொரு பக்கம் புத்தகத்தைப் பிடுங்கி அவரவர் பதிலைப் படித்துவிட்டு, "அங்கிள், அந்த சாரை ஒரு வாரம் கூட்டிட்டு வாங்க" என்று ஒரே நச்சரிப்பு. அதில் ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல, அந்த அம்மா போதகரிடம் போய், சபைக்கே வராத ஒருத்தர் நம் பிள்ளைகளின் ஜெபத்துக்குச் சிவப்பு மையில் பதில் போடுகிறார் என்று முறையிட, போதகர் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாளாகிறது. நேற்று தெருமுனையில் என்னைப் பார்த்தும் ஏதோ யோசனையில் போய்விட்டார். எனவே நான் மேலே கேட்டுக்கொண்டபடி உடனே எழுதிப் போடு. உடம்பு முடியவில்லை என்பது பொய்யாக இருக்கிறது என்று உனக்குத் தோன்றினால் முதுகுவலி என்று எழுது, அது உண்மைதான்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். உன் பேரப்பிள்ளைகளுக்கு மாமா தாத்தாவின் முத்தங்கள். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் முழங்காலையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உன் சிபாரிசால் சீரழிந்த தம்பி

பின்குறிப்பு: இதை எழுதி இரண்டு நாள் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். போதகருக்கு எதையும் எழுதிவிடாதே. மேலே கேட்டதை எல்லாம் மறந்துவிடு. அவர் நேற்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கொடுத்து, "உங்க சார்கிட்ட இன்னொரு தடவை காட்ட முடியுமா?" என்று கேட்டார். அவர் போன பிறகு திறந்து பார்த்தால் பத்தாம் எண்ணில் பென்சிலில் அவருடைய கையெழுத்து: "இருபத்திரண்டு வருடமாக எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன். எனக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை." சட்டம் இன்று காலை பதில் எழுதிவிட்டார்: "வாலிபர் வகுப்பில் சேரவும்." சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கால் உடைந்த நாற்காலிகளில் ஒன்றுக்குச் செங்கல் வைத்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு விஷயம். பதினொன்றாம் எண்ணை யாரும் தொடக்கூடாது என்று ஜட்ஜம்மா கட்டம் கட்டி வைத்திருக்கிறாள், அத்தைக்காம். நாற்பது நாளும் அவன் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவள் நீதான். அதற்கப்புறம் நீ எனக்கு எழுதிய பதினான்கு கடிதத்தில் எதிலும் அவன் பெயர் இல்லை, நானும் எழுதவில்லை. உன் புகாரை ஒரு தாளில் எழுதி அனுப்பு, நான் பசை வைத்து ஒட்டிக்கொள்கிறேன். படிக்க மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன்.