ஏழாம் நம்பர் பாம்பு

கத்தினால் அது ஓடிவிடுமா, இல்லை என் பக்கம் திரும்புமா? பாம்புக்குக் காது கேட்காது என்று டீச்சர் ட்ரெயினிங்கில் படித்தோமே. அப்படியென்றால் கத்தி என்ன பிரயோஜனம்?

துவைக்கிற கல்லின்மேல் நின்றுகொண்டு மெட்டில்டா இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி பிழிந்த வேட்டி. அவளுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குப் பாம்பு. அது தலையைத் தூக்கி மதில்சுவரைப் பார்த்தது. பிறகு, வீடு கட்டி மிச்சம் கிடந்த செங்கல் குவியலுக்குள் நுழைந்தது. போகப் போக உடம்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வால். அதன் நுனி கத்தரித்துவிட்டதுபோல் மொட்டையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

அவள் கணவர் வேதசிரோமணி பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார்.

"எங்கே?"

"செங்கல்லுக்குள்ளே போச்சுங்க."

"நீ அங்கேயே நில்லு, இறங்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கேட்டார்: "எத்தனை அடி இருக்கும்?"

கோட்டையில் ஓர் அலுவலகத்தில் அவர் ரெக்கார்டு கிளார்க். எதையும் எழுதி வைத்தால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்வார். அன்றைக்கே ஒரு நோட்டில் கோடு போட்டார். வரிசை எண், தேதி, இடம், நீளம், அடையாளம். கடைசிக் கட்டத்தில் 'வால் நுனி இல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அஸ்தினாபுரத்தில் அப்போது வீடுகள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். மற்றதெல்லாம் முள்ளும் புதரும். வேப்பேரியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள், சொந்த வீடு என்று இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த வேளை, தாம்பரம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சராகச் சேரச் சொல்லி மெட்டில்டாவுக்கு ஆர்டரும் வந்திருந்தது. ஒன்பது வருஷம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை.

"இந்தப் பாம்பு விஷயம் முடியட்டும். அப்புறம் சேர்ந்துக்கலாம்" என்றார் வேதசிரோமணி. "வீட்டுல ஆள் இல்லேன்னா அது எங்கே போகுது, எங்கே வருதுன்னு யார் பார்க்கிறது?"

ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமைவரை காத்திருப்பதாகத் தலைமை ஆசிரியை எழுதியிருந்தாள்.

மதில்சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போவதற்கு நாலு ஓட்டைகள் இருந்தன. வருகிற வழி அதுதான் என்று வேதசிரோமணி கண்டுபிடித்தார். கொத்தனார் குப்புராஜ் சிமெண்டுடன் வந்தார்.

"அடைச்சிடலாம் சார். மழ பேஞ்சா தண்ணி எங்க போவும்?"

"மழை வரும்போது பார்த்துக்கலாம்."

மழை மூன்றாம் நாளே வந்தது. கொல்லை முழுக்க முழங்கால் தண்ணீர். தண்ணீரோடு தவளை. தவளைக்குப் பின்னால், குளியலறைப் படியில் சுருண்டபடி இரண்டாம் நம்பர். மெட்டில்டா தலையில் சீயக்காயோடு உள்ளேயே ஒரு மணி நேரம் நின்றாள். தேய்த்த சீயக்காய் காய்ந்து உதிர்ந்தது.

"அடைச்சும் வருதுன்னா, கேட்டுக்கு அடியில புகுந்து வருது" என்றார் அவர். கேட்டின் கீழ் இடைவெளிக்குத் தகரம் அடித்தார்கள். மறுநாள் அந்தத் தகரத்தின் ஓரமாகவே மூன்றாம் நம்பர் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் அதே இடத்தில் நான்காம் நம்பர்.

"கூட்டமா கிளம்பிடுச்சு" என்றார் வேதசிரோமணி, பேனாவைத் திறந்தபடி.

அடுத்த வீட்டுச் சுந்தரவல்லி மதில்மேல் தலையை நீட்டினாள். வேலையில் சேராத மெட்டில்டாவை டீச்சர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"டீச்சர், சிறியாநங்கை நட்டுப் பாருங்களேன். அந்த வாசனைக்குப் பாம்பு கிட்டயே வராதாம்."

சுவரை ஒட்டி நாலு பக்கமும் நட்டார்கள். காலை மாலை தண்ணீர் ஊற்றுவது மெட்டில்டாவின் பொறுப்பு. ஒவ்வொரு செடிக்கும் முதலில் குச்சியால் தட்டி, பிறகு ஊற்றி, உடனே இரண்டடி பின்னால் போவாள். ஐந்தாம் நம்பர் கொய்யா மரத்தில் ஏறி, மதில் உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகள்வரை போய்விட்டுத் திரும்பி இறங்கியது. ஆறாம் நம்பர் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது.

அன்றிலிருந்து அவள் எதையும் பார்க்காமல் தொடுவதில்லை. கட்டிலிலிருந்து கால் வைக்குமுன் குனிந்து தரையைப் பார்த்தாள். கொடிக்கயிற்றைத் தொடுமுன் அது கயிறுதானா என்று பார்த்தாள். வேதப்புத்தகத்தைக்கூட நுனிவிரலால்தான் திறந்தாள். காலையில் தகரம் அடித்த கேட்டின் கம்பி வழியாக, குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகிற பெண்களின் டிபன் பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி நிற்கும்போது ஒருநாள் தன்னையே கையும் களவுமாகப் பிடித்தாள். 'அப்புறம் சேர்ந்துக்கலாம்' என்று அவர் சொன்னபோது மனத்தின் ஏதோ மூலையில் அப்பாடா என்று இருந்ததே, அது யாருடைய குரல்? ஒன்பது வருஷம் சாக்பீஸ் தொடாத கை. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். பாம்பின் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது அவர் மட்டும்தானா?

ஏழாம் நம்பரை ஞாயிற்றுக்கிழமை வேதசிரோமணியே பார்த்தார். ஆராதனைக்குக் கோவிலுக்குப் புறப்பட்டவர், நடையில் கழற்றி வைத்திருந்த தன் ஷூவின்மேல் அது தலை வைத்திருப்பதைக் கண்டு, ஜெபம் சொல்லவும் மறந்துபோய் நாற்காலியில் ஏறினார்.

மறுநாள், ஜூலையின் அந்த முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சுந்தரவல்லி சொல்லியனுப்பிய பாம்பு பிடிக்கிற ஜெயவேலு வந்தான். வேதசிரோமணி லீவு போட்டிருந்தார். மெட்டில்டா கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் இருந்தாள்.

"இன்னிக்கு எதுக்கு இந்தப் புடவை?"

"நாலு பேர் வந்து போற நாளாச்சேங்க" என்றாள். ஆர்டர் மடித்து வைத்த பை கேட்டின் கொக்கியில் தொங்கியது. பொய் சொன்னதில் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பாம்புக்கு அடித்துக்கொள்வதைவிட அதிகமாகவே அடித்தது.

ஜெயவேலு மண்ணைப் பார்த்துக்கொண்டே கொல்லையைச் சுற்றினான். சிமெண்டு அடைப்பு, தகரம், கண்ணாடிச் சில்லு, செடி வரிசை எல்லாவற்றையும் பார்த்தான்.

வேதசிரோமணி நாற்காலியின்மேல் ஏறி நின்று, நோட்டைப் பிரித்து வாசித்தார்.

"ஒண்ணு. செங்கல் குவியல். ஆறடி. வால் நுனி இல்லை. ரெண்டு. குளியலறைப் படி. ஆறடி. மேற்படி. மூணு. கேட் ஓரம். ஆறடி. மேற்படி. நாலு..."

"சார், சார். மேற்படின்னா இன்னா சார்?"

"மேலே சொன்னது போலவேன்னு அர்த்தம். ஏழுக்கும் வால் மொட்டை. எல்லாம் ஒரே குடும்பம்."

ஜெயவேலு தலையைச் சொறிந்தான். சிறியாநங்கைச் செடிகளைக் குச்சியால் மெல்ல ஒதுக்கினான். அந்த நிழலில் சுகமாகப் படுத்திருந்தது, மொட்டை வாலோடு.

"ஏழு இல்ல சார், ஒண்ணுதான். வெறும் சாரை, கடிச்சாலும் வெசம் கெடையாது. வெளிய போவ வழி கேட்டுகினு ஏழு தபா வந்துகீது. நீங்க ஒவ்வொரு தபாவும் ஒரு வழிய அடைச்சிட்டீங்க."

மதில்மேல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுந்தரவல்லியின் தலை சத்தமில்லாமல் இறங்கி மறைந்தது. வேதசிரோமணி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏழு வரிகளில் எதை அடிப்பது என்று தெரியாதவர்போல.

"புடிக்கவே வாணாம்மா" என்றான் ஜெயவேலு. "தகரத்த பேத்துட்டு கேட்ட தொறந்து வுட்டா, அதுவே பூடும்."

தகரத்தை அவன் பெயர்த்தான். கேட்டைத் திறக்க நாற்காலியிலிருந்து யாரும் இறங்கவில்லை. மெட்டில்டா போனாள். மழையில் துருவேறிய தாழ்ப்பாள் எப்போதும்போல முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

அது வந்தது. அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, அவசரமில்லாமல். கத்தவில்லை. எதன்மேலும் ஏறவில்லை. வாசலில் அது ஒரு கணம் நின்றது; வெளியே இவ்வளவு இடம் இருக்கும் என்று அதற்கும் மறந்துபோயிருக்கும் போலிருக்கிறது. பிறகு தெருவைக் கடந்து எதிர்ப்புதருக்குள் புகுந்தது. கடைசியாக அந்த மொட்டை வால்.

"போயிடுச்சா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "போயிடுச்சுல்ல? உடனே கேட்டைச் சாத்து, மெட்டில்டா! தாழ் போட்டுட்டு உள்ளே வா!"

தூரத்தில் தாம்பரம் ரயில் கூவியது. அவள் கொக்கியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இல்லீங்க" என்றாள் மெதுவாக, தெருவில் இறங்கி நின்றபடி. "திறந்தே இருக்கட்டும்."