மேல் பூட்டு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்கு, கரம்பொன் வாசிகசாலைக்கு இனி ஒரு பூட்டுப் போதும் என்று முடிவாயிற்று. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். யாகப்பு தட்டுவது போலக் கையை மட்டும் சேர்த்தார்.

நாலு வருடங்களுக்கு முன் வாசிகசாலை றேடியோ காணாமல் போயிருந்தது. ஊரில் வெங்காயம் செய்யும் தோட்டக்காரர் மீன்பிடிக்கும் கடற்கரையாரைச் சந்தேகித்தார்கள். கடற்கரையார் தோட்டக்காரரை. கடைசியில் கதவுக்கு இரண்டு பூட்டு வந்தது. கீழ்ப் பூட்டின் திறப்பு கடற்கரை யாகப்புவிடம். மேல் பூட்டின் திறப்பு தோட்டத்துப் பரிமளத்திடம். ஒருவர் பூட்டில் மற்றவர் கை வைக்கக்கூடாது.

யாகப்பு மனைவியை இழந்தவர். பரிமளம் கணவனை. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் இருவரும் சேர்ந்து கதவைத் திறந்தார்கள். அவர் கூட்டுவார். பரிமளம் பேப்பர்களை அடுக்குவார். சனம் வந்து சேரக் கால் மணி நேரமாகும். அந்தக் கால் மணி நேரத்துக்காக யாகப்பு தினமும் சவரம் செய்தார். வெங்காயத்தையும் காற்றையும் தவிர வேறெதையும் அவர் பேசியதில்லை. ஊர் இப்படியே ஒருவரையொருவர் நம்பாமல் இருக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

"வாற ஞாயிறு பூட்டுக்கடைத் தம்பு புதுப் பூட்டுப் போடுவான்," என்றான் வாசிகசாலைத் தலைவன் ஜெயரூபன். "திறப்பு யாகப்பண்ணையிட்டை இருக்கட்டும்."

"என்னை நம்பாதேங்கோ."

"பாத்தீங்களே அடக்கத்தை!"

மறுநாள் யாகப்பு, பெடியள் விளையாடும் கரம் போட்டின் ஸ்ரைக்கர் காயை மடிக்குள் செருகிக்கொண்டு போனார். களவு போனால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் இரண்டு பூட்டும் இருக்கும்.

"எங்கையாவது உருண்டிருக்கும்," என்றார்கள். தோட்டப் பக்கத்து றஜீபன் தன் வீட்டு ஸ்ரைக்கரைக் கொண்டுவந்து கொடுத்தான். கடற்கரைப் பெடியள் அவனைத் தோளில் தூக்கினார்கள்.

புதன்கிழமை, எல்லோரும் பார்க்க, யாகப்பு சுவர் மணிக்கூட்டைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினார்.

"ஓடாமல் கிடந்ததைத் திருத்தக் கொண்டு போறார். ஆரும் சொல்லாமலே!" என்றான் ஜெயரூபன்.

யாழ்ப்பாணம் போய்த் திருத்திக்கொண்டு வந்து மாட்ட வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கையில் யாகப்பு மெல்லக் கேட்டார். "ஒரு பூட்டெண்டால் உங்களுக்கும் அலுப்பில்லை, என்ன?"

"ஓம். மழையுக்கை சைக்கிள் உழக்கத் தேவையில்லை," என்றார் பரிமளம், பேப்பரைப் பார்த்தபடி.

அவருக்குச் சந்தோசம் போல, என்று யாகப்பு நினைத்தார். அன்று கூட்டியது ஒழுங்காக வரவில்லை.

சனிக்கிழமை வேறு வழியில்லை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். "ஸ்ரைக்கரை எடுத்தது நான்தான். நான் கள்ளன்."

நாலு வருடமாகக் கடற்கரையாரைத் திட்டிய ஏரம்பர் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"ஆரோ பெடியனைக் காப்பாத்தப் பழியைத் தன்ரை தலையிலை போடுறார். இந்த மனிசனை நம்பாட்டி நாங்கள் மனிசரோ?"

"நான்தான் எடுத்தனான் அண்ணை!"

"கதையாதையும்!"

அந்த உணர்ச்சியில் வேலையும் பங்கிடப்பட்டது. கூட்ட றஜீபன். பேப்பர் அடுக்கக் கடற்கரைப் பக்கத்து நிலாந்தினி. பரிமளம் இனி வந்து கஷ்டப்பட வேண்டாம்.

பரிமளம் தன் திறப்பை மேசையில் வைத்தார். "நல்லது," என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை.

ஞாயிறு காலை தம்பு புதுப் பூட்டோடு வந்தான். யாகப்பு கீழ்ப் பூட்டைத் திறந்தார்.

"மற்றத் திறப்பைத் தாங்கோ அண்ணை."

அது யாகப்புவின் சட்டைப் பைக்குள் இருந்தது. இரவு முழுக்கவும் இருந்தது. அவர் கை அசையவில்லை.

"சரி, விடுங்கோ," என்று தம்பு மேல் பூட்டைப் பிடித்து இழுத்தான். அது சத்தமில்லாமல் கழன்று அவன் கைக்குள் வந்தது.

"உடைச்சுப் போட்டியோ?"

"இது போன மாரி மழையோடையே உப்புக்காத்திலை பழுதாப் போச்சுது. சும்மா இழுத்தால் கழண்டிடும்."

"ஐயோ, பாவம் பரிமளம். தெரியாமல்..."

"தெரியாமலோ? அவதான் என்னட்டைக் கொண்டுவந்து காட்டினவ. வேறை பூட்டுத் தாறன் எண்டன். வேண்டாம், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை எண்டவ." தம்பு பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப ஒவ்வொரு நாளும் திறப்போடை என்னத்துக்கு வந்தவ அண்ணை?"