அத்தி வரதர் வருஷத்துக் கொப்புளம்

அன்புள்ள தாமல் கண்ணாயிரம் மச்சானுக்கு, பிள்ளையார்பாளையம் கந்தன் வாயால் சொல்ல, மருமகள் இந்திராணி கையால் எழுதுவது. இங்கு என் முழங்கால் இரண்டையும் தவிர அனைவரும் சௌக்கியம். உன் புதுப் பல்செட்டு வாயோடு ஒத்துப்போகிறதா என்று தெரியப்படுத்தவும்.

நிற்க. அத்தி வரதர் போன தடவைக்கு முந்தின தடவை குளத்தைவிட்டு வெளியே வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்ததும் என் மகன் குமரன் பிறந்ததும் அதே வருஷம்தான். அந்த ஆடி மாச உச்சி வெயிலில் நீ, நான், சிவராஜ், வெங்கடேசன் நாலு பேரும் கோயிலுக்குப் போனோம். என் செருப்பு வார் அறுந்து, நான் வெறுங்காலோடு உங்களுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்தேன். காலில் ஏழு கொப்புளம். இதை நான் டீக்கடையில் சொல்லாத நாளில்லை. இப்போ அதுதான் வம்பாப் போச்சு.

ஜெபகுமார்னு ஒரு ரிட்டையர்டு வாத்தியார் டீக்கடைக்கு வராரு. மனுஷன் விடுற புகையாலதான் உலகமே சூடாகுதுன்னு தினமும் பேப்பரை விரிச்சுப் படிக்கிறாரு. நான் சொன்னேன், சார், நான் பீடியை விட்டுப் பதினாறு வருஷம் ஆகுது, என் பங்குப் புகை நின்னும் வெயில் குறையலையே, அன்னைக்கே என் காலு ஏழு எடத்துல கொப்புளிச்சுதே, அப்போ எந்தப் புகைன்னேன். கடையே சிரிச்சுது. எவனோ அதை போன்ல படம் புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். ரேஷன் கடையில என்னை முன்னாடி விட்டாங்கன்னா பாத்துக்க. படிக்காதவன் வாத்தியாரை மடக்கிட்டேன்னு நானும் நெஞ்சை நிமித்திக்கினு நடந்தேன்.

வீட்டுலதான் எடுபடல. தறி மேல இருக்கிற சிமெண்டு ஷீட்டை எடுத்துட்டுக் கீத்துப் போடணும், மதியத்துல உக்கார முடியலன்னு இந்திராணி ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்கிறா. எல்லாக் காலத்துலயும் இதே வெயில்தான்மா, என் கொப்புளமே சாட்சின்னேன். அவ சொல்றா, "உங்க கொப்புளம் ஆறி நாப்பது வருஷத்துக்கு மேல ஆவுது மாமா. தலைக்கு மேல ஷீட்டு இன்னும் ஆறல." இதையும் எழுதச் சொன்னேன், அவளே சிரிச்சுக்கினு எழுதறா. வாத்தியார் ஒரு சூடு பாக்குற கருவி குடுத்தனுப்பினாரு. அது தறிகிட்ட நாப்பத்திரண்டு காட்டிச்சு. நான் அதைக் கழட்டித் தண்ணிப் பானை பக்கத்துல மாட்டினேன், முப்பத்தஞ்சுக்கு வந்துது. பாத்தியா, கருவியே என் பக்கம்னேன். அவ தறியைவிட்டு எழுந்து, "நீங்க உக்காருங்க மாமா"ன்னா. ரோஷத்துல உக்காந்தேன். ரெண்டு விரக்கடை நெய்யிறதுக்குள்ள கண்ணு இருட்டி, நெஞ்சோட சேலை மேல சாஞ்சுட்டேன். இருபது இழை அறுந்துது. என்னைத் தூக்கினு போயி அந்தப் பானைத் தண்ணியையே தலையில ஊத்தினாங்க. முழிச்சதும் தூக்கம் வந்துடுச்சுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல.

அதனால மச்சான், ஞாயித்துக்கிழமை டீக்கடைக்கு வந்து, அந்த வருஷத்து வெயிலு இதுக்கும் மேலன்னு வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நீ சொல்லிட்டா ஷீட்டு இருக்கும், என் மானமும் இருக்கும். இல்லன்னா ரெண்டையும் எறக்கிடறேன்னு இந்திராணிக்கு வாக்குக் குடுத்துட்டேன். உன் பேரன் பேத்திங்க நல்லா இருக்கட்டும், உன் ஆடு மாடுங்க நெழல்ல நிக்கட்டும். ஏகாம்பரநாதர் துணை.

இப்படிக்கு,
கந்தன் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பி.கு. உறையை ஒட்டப்போற நேரத்துல இந்திராணி கேக்கறா, "கொப்புளம் உள்ளங்கால்லயா, குதிகால்லயா மாமா?" எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. குதிகால்லயும் சுண்டு விரல்லயும்தான். கோயில் வாசல்ல உன் கல்யாணத் தோல் செருப்பை மாட்டிக்கினு முன்னாடி ஓடி வந்தவன் நான். என் காலுக்கு ரெண்டு அளவு சின்னது. வந்ததும் தறிக்குழிக்குள்ள ஒளிச்சேன். வெங்கடேசன்தான் எடுத்தான்னு, அவன் சாகிற வரைக்கும் நீ அவனோட பேசல. அந்த வெயில்ல அவ்வளவு தூரமும் வெறுங்காலோட நடந்து வந்தவன் நீ, உன் காலுல தூசியைத் தவிர ஒண்ணும் இல்ல. சாட்சி சொல்ல வர வேணாம், ஷீட்டைக் குமரன் கழட்டிக்கினு இருக்கிறான். தாமல்லேர்ந்து நாலு கட்டு தென்னங்கீத்தோட வா. அன்னைக்கு உன் காலைப் பாத்த சிவராஜ் போய்ட்டான், வெங்கடேசன் போய்ட்டான், அந்தக் காலுக்குத் தண்ணி ஊத்தின உன் தங்கச்சி பெரியநாயகியும் போய்ட்டா. என்னைப் பொய்யன்னு சொல்ல மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான், கண்ணாயிரம்.